நிலவில் ஒரு கல்லறை

இறந்தோரை எங்கே அடக்கம் செய்வது என்பது மனித இனம் தொன்றுதொட்டுக் கேட்டுவரும் கேள்வி. நிலவில் அடக்கம் செய்யலாமா என்னும் கேள்வியோ நம் தலைமுறைக்கு வந்து வாய்த்தது. 2024 ஜனவரி 8ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து நிலவை நோக்கிப் புறப்பட்ட 'பெரெக்ரின்' என்னும் தனியார் விண்கலம், நாசாவின் ஆய்வுக் கருவிகளோடு, இரு தனியார் நிறுவனங்கள் கட்டணம் பெற்று ஒப்படைத்த மனிதச் சாம்பலையும் சுமந்து சென்றது.

அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் தலைவர் பூ நைக்ரன் அதற்கு முந்திய டிசம்பரிலேயே நாசாவுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் கடிதம் எழுதியிருந்தார். தம் மக்களுக்கு நிலவு புனிதமானது. அங்கே மனித எச்சங்களை இடுவது அதன் தூய்மையைக் கெடுப்பதாகும். பயணத்தைத் தள்ளிவைத்து எங்களோடு கலந்து பேசுங்கள் என்பதே அதன் சாரம். இம்முறையீடு புதிதன்று. 1998இல் அறிவியலாளர் யூஜின் ஷூமேக்கரின் சாம்பலில் ஒரு பகுதியை நாசா தன் கலத்தில் அனுப்பியபோதும் நவஹோ மக்கள் மனம் நொந்தனர். நாசா வருத்தம் தெரிவித்து, இனிக் கலந்து பேசுவோம் என்று வாக்களித்தது. இம்முறை நாசா தந்த விளக்கம் வேறு: கலம் தனியாருடையது, அதில் அவர்கள் எதை ஏற்றுகிறார்கள் என்பது நம் அதிகாரத்தில் இல்லை.

சட்டத்தின்படி அது சரியே. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, நிலவை எந்த நாடும் தனதாக்கிக் கொள்ளலாகாது என்கிறது. தனியார் செயல்களுக்கு அவரவர் அரசே அனுமதியளித்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் அமெரிக்க அரசு உரிமம் வழங்குமுன் ஆராய்வது எவற்றை? பொதுமக்களின் நலம், உடைமைகளின் பாதுகாப்பு, நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு, உலக உடன்படிக்கைகள். ஒரு மக்களின் வணக்கத்துக்குரிய பொருளை இது புண்படுத்துமா என்று கேட்க அங்கே இடமில்லை.

நிலவு எந்தச் சமயத்துக்கும் சொந்தமன்று, ஒரு பண்பாட்டின் நம்பிக்கை மற்றெல்லாரையும் தடுக்கலாகாது என்பது நிறுவனத்தார் வாதம். இதை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ஒவ்வொரு நம்பிக்கைக்கும் தடையாணை இடும் உரிமை தந்தால் வானமே பூட்டப்பட்டுவிடும். (நம் சமயத்துக்கு மட்டும் அவ்வுரிமை வாய்த்தால் நாம் இவ்வளவு தயங்குவோமா என்பது வேறு.) எனினும் அவ்வாதம் இருபுறமும் வெட்டும். யாருக்கும் சொந்தமில்லாத இடம் நிறுவனத்துக்கு மட்டும் எப்படிச் சொந்தமாயிற்று? ஊர்ப் பொது நிலத்தில் குழி தோண்ட விரும்புபவன் ஊராரைக் கேட்கிறான்; நிலம் எவருடையதுமன்று என்பதாலன்று, எல்லாருடையதும் என்பதாலேயே கேட்கிறான். உடன்படிக்கையும் விண்வெளியை மனிதகுலம் அனைத்துக்கும் உரிய களம் என்றே அழைக்கிறது. 'யாருக்குமில்லை' என்பதற்கும் 'எல்லார்க்கும்' என்பதற்கும் இடைப்பட்ட தொலைவிலேதான் இவ்வணிகம் நடைபெறுகிறது.

அன்புக்குரியவரை நிலவில் வைத்து நாள்தோறும் அண்ணாந்து பார்க்க விழையும் குடும்பத்தாரை நாம் இகழவில்லை; துயரம் எத்தனையோ வழிகளைத் தேடும். ஆனால் இறந்தோரின் சாம்பல் குடும்பத்தாரின் தனி விருப்பத்துக்கு மட்டும் உட்பட்டதன்று என்பதை நம் திருச்சபையும் அறியும். 2016இல் உரோமை வெளியிட்ட அறிவுரை, சாம்பலைக் காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவாமல் புனித இடத்தில் காக்கும்படி கேட்டுக்கொண்டது. நமக்கு இவ்வுணர்வு இருக்கும்போது, நவஹோ மக்களின் உணர்வு நமக்கு விளங்காத ஒன்றாக இருத்தல் இயலாது.

பெரெக்ரின் நிலவை அடையவில்லை. புறப்பட்ட சில மணி நேரத்தில் எரிபொருள் கசிந்தது. ஜனவரி 18 அன்று தென் பசிபிக்குக்கு மேலே கலமும் சாம்பலும் எரிந்து போயின. வழக்கு மட்டும் தீரவில்லை. 1998இன் வாக்குறுதி தனியாரைக் கட்டுப்படுத்தாது. கலந்து பேசும் கடமையை உரிமத்திலேயே எழுதிவிடலாம் என்பது நம் கருத்து. அப்படி எழுதுவோர், எத்தனை மக்களிடம் கேட்பது, எவ்வளவு காலம் காத்திருப்பது, இணக்கம் பிறக்காவிடில் முடிவு யாருடையது என்பவற்றையும் அதனோடு எழுதியாக வேண்டும்.