இரண்டு வகை அட்டைகள்

ஃபோல்கர் குட்ஷர் எழுதிய 'ஈர மீன்' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நான் பெரும்பாலும் பஸ்ஸில்தான் வாசித்தேன். திருச்சியில் ஏறி உட்கார்ந்தால் புதுக்கோட்டை வருவதற்குள் இரண்டு அத்தியாயம் ஓடிவிடும். ஜெர்மன் மூலம் 2007இல் வந்தது. 'பாபிலோன் பெர்லின்' தொலைக்காட்சித் தொடர் வழியாகப் பலருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். 1929ஆம் ஆண்டு, கொலோன் நகரத்திலிருந்து பெர்லினுக்கு மாற்றலாகி வருகிறான் கெரெயோன் ராத் என்ற போலீஸ் அதிகாரி. துப்புத் துலங்காமல் கிடக்கும் வழக்குக்கு அங்கே போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர்தான் ஈர மீன்.

சாதாரணத் துப்பறியும் கதையில் நாம் துப்பறிபவனுக்குப் பின்னால் ஓடுகிறோம். இங்கே அவனுக்கு நான்கு வருஷம் முன்னால் நிற்கிறோம். கொலையாளி யாரென்று ராத்தைப் போலவே நமக்கும் தெரியாது. ஆனால் 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவியேற்பான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் மனசு அவனிடம் சொல்கிறது: "டேய், வேலையை விட்டுட்டுக் கிளம்பு."

இந்தத் தொடர் 2024இல் பத்தாவது நாவலோடு 1938 வரை வந்து முடிந்துவிட்டது. ராத் பல வருஷம் கிளம்பவில்லை. கொலை நடக்கிறது, விசாரிக்கிறான், கோப்பை மூடுகிறான், அடுத்ததை எடுக்கிறான். அவன் நாஜி அல்ல. அரசியலே பிடிக்காதவன். கொலைகாரனைப் பிடிப்பது எந்த ஆட்சியிலும் நல்ல வேலைதானே என்று நினைப்பவன்.

அது நல்ல வேலைதானா? கெட்டுக்கொண்டிருக்கும் அரசில் தன் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கிற ஆளை எப்படி மதிப்பிடுவது? நடந்தது தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்வது சுலபம். அன்றைக்கே, அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அது அவன் கையிலிருந்த அட்டையிலேயே இருந்தது.

நாவலில் ராத்தின் மேலதிகாரியாக வரும் எர்ன்ஸ்ட் கென்னாட் கற்பனைப் பாத்திரமல்ல. பெர்லின் போலீசில் கொலை வழக்குகளுக்கென்று தனிப்பிரிவை 1926இல் அமைத்தவர். பருத்த உடம்பு, கேக் பிரியர், 'புத்தர்' என்று பட்டப்பெயர். கொலை வழக்குகளுக்காக ஒரு மத்திய அட்டைத் தொகுப்பை அவர் உண்டாக்கினார். யார் செத்தார், எங்கே, எப்படி, என்ன தடயம் என்ற விவரங்களை வரிசைப்படுத்தி வைத்தால் ஒரு வழக்கின் விவரம் இன்னொரு வழக்குக்கு உதவும். கணினி இல்லாத காலத்துத் தரவுத்தளம். நாஜிக் கட்சியில் சேராமலே 1939இல் சாகும்வரை அவர் வேலையில் இருந்தார்.

அதே 1926இல் ராபர்ட் ஹைன்டில் என்ற ஜெர்மன் குற்றவியல் அறிஞர் 'தொழில்முறைக் குற்றவாளி' என்ற நூலை வெளியிட்டார். பெரும்பாலான குற்றங்களைச் செய்வது ஒரு சிறு கூட்டம். அவர்களை அடையாளம் கண்டு முன்கூட்டியே அடைத்துவிட்டால் குற்றமே குறைந்துவிடும் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். 1933 நவம்பரில் பிரஷ்ய அரசு அப்படி அடைத்துவைக்க போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. புதிதாகக் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. பழைய பதிவு போதும். 1937 மார்ச்சில் ஹிம்லரின் உத்தரவில் ஏறத்தாழ 2,000 பேரைப் பிடித்து வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். பிடித்தது கெஸ்டாபோ அல்ல, ராத் மாதிரி சாதாரணக் குற்றப்பிரிவு போலீஸ். அந்தக் குற்றப்பிரிவின் தலைவராக இருந்த ஆர்தர் நேபே 1941இல் சோவியத் மண்ணில் பல்லாயிரம் யூதர்களைக் கொன்ற படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அவரும் பெர்லினில் துப்பறிவாளராக வளர்ந்தவர்தான்.

கென்னாட்டின் அட்டையும் ஹைன்டிலின் அட்டையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் பெயர் இருக்கும், ரேகை இருக்கும். ஆனால் முதலாவது அட்டையின் எழுவாய் ஒரு செயல்: இந்த இரவில் இந்தக் கொலை நடந்தது. வழக்கு முடிந்தால் அட்டையும் முடிந்தது. இரண்டாவதன் எழுவாய் ஒரு மனிதன்: இவன் இப்படிப்பட்டவன். அவன் சாகும்வரை அது முடியாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்க 1933ஐ முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

அட்டையில் இருந்த அந்த ரேகை நம்ம ஊர்ச் சரக்கு. கைரேகையை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் முறையை வங்காளத்தில் எட்வர்டு ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோர் உழைத்து உருவாக்கினார்கள். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1901இல் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. 1903இல் டிரெஸ்டன் போலீஸ் ஜெர்மனியில் கைரேகையைக் கொண்டுவந்தது. இங்கேயோ குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குக் கைகொடுத்தது. 1871இல் வடக்கே வந்த அந்தச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 தொடங்கி மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் படிப்படியாக அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஊர்விட்டு ஊர் போக அனுமதி, ராத்திரி வெளியே இருக்க ராத்திரிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படக் குறைந்தது பதினாறு பேர் செத்தார்கள்.

புதுக்கோட்டைக்காரனான எனக்கு இதில் இன்னொன்று உறுத்துகிறது. இங்கே ராஜாவே கள்ளர். தொண்டைமான்கள் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆண்டவர்கள். மதுரைப் பக்கத்தில் ராத்திரிச் சீட்டு இல்லாமல் வெளியே வந்தவனைப் பிடித்துக்கொண்டிருந்த அதே 1920களில், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலிய மனைவி மோலியோடு பிரான்சில் வாழ்ந்து 1928இல் பாரிசில் காலமானார். உட்பிரிவு வேறுதான். ஆனால் பிறப்பிலேயே குற்றம் இருக்கிறது என்று சட்டம் நம்பிய பெயர், இங்கே அதே ஆங்கிலேயர் மரியாதை கொடுத்த அரண்மனைக்கும் உரியது. நான் இதைச் சாதிப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அரண்மனை இருந்ததால்தான் ஒருவன் குற்றவாளி இல்லை என்றாகிவிடுமா? ஒரு எல்லைக்கோட்டைத் தாண்டினால் மாறிவிடுகிற குணம் ரத்தத்தில் இருக்க முடியாது என்பதற்கு அன்றைய அதிகாரியின் கண்ணெதிரிலேயே ஆதாரம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பையும் கேட்டுவிட வேண்டும். ரேகை எடுத்த குமாஸ்தா முழுக்கக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. மாடு காணாமல் போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்க வேண்டியிருந்த விவசாயிகளுக்கு உண்மையான குறை இருந்தது. அதே சட்டத்தின் நிழலில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து முன்னேறியவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. 'நான் ஊருக்கு நல்லதுதான் செய்கிறேன்' என்று அந்தக் குமாஸ்தா நம்பியிருக்க முடியும். ஆனால் திருடியவனின் ரேகையை எடுப்பதும், பிறந்ததற்காக ஒருவனின் ரேகையை எடுப்பதும் வேறு என்பது அவன் மேஜையிலேயே தெரியும். அன்றைக்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார்; அவரை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். அவரிடமும் வருங்காலத்தைக் காட்டும் கண்ணாடி ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயம்தான். சில வருஷங்களுக்கு முன் சிறுகடன் கொடுக்கும் செயலி ஒன்றுக்கு நிரல் எழுதினேன். வசூல் மோசமாக இருந்த பின்கோடுகளின் பட்டியல் ஒன்று வந்தது. அந்த இடங்களிலிருந்து வரும் விண்ணப்பங்களை ஆள் பார்ப்பதற்கு முன்பே தள்ளிவிட வேண்டும். அரைநாள் வேலை. சோதனைகள் எல்லாம் பச்சை விளக்கு காட்டின. பட்டியலில் 622 என்று ஆரம்பிக்கிற எண்கள் சில இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

இரண்டு மாசம் கழித்து மாமா பையன் போன் பண்ணினான். லோடு ஆட்டோ வாங்க விண்ணப்பித்திருந்தான், தள்ளிவிட்டார்களாம். "மச்சான், ஒரு தவணைகூட நான் விட்டதில்ல. உங்க கம்பெனிதானே, ஏன்னு கேட்டுச் சொல்லேன்." கேட்க வேண்டியதே இல்லை, எழுதினவன் நான்தான். "சிஸ்டத்துல அப்படி வருதுடா" என்றேன். அந்த வாக்கியத்தில் எழுவாயாக நான் இல்லை என்பதைக் கவனிக்க ரொம்ப நாள் ஆனது.

வதைமுகாமையும் லோடு ஆட்டோவையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அட்டையின் இலக்கணம் மட்டும் ஒன்று: அவன் என்ன செய்தான் என்று கேட்காமல் அவன் எங்கிருந்து வந்தவன் என்று கேட்கிற அட்டை. அந்த இலக்கணத்தைக் கண்டுகொள்ள எனக்குச் சரித்திர அறிவு தேவைப்படவில்லை. பட்டியலைத் திறந்த அன்றே தெரிந்தது. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளத்தான் 'என் வேலை இது மட்டும்தான்' என்ற வாக்கியம் உதவியது.

அதனால் ராத்தைப் பார்த்து "வேலையை விடு" என்று கத்துவதை நிறுத்திவிட்டேன். வேலையை விடுவது ஒரு வழி. வீட்டு வாடகை கட்ட வேண்டியவனுக்கு எப்போதும் திறந்திருக்கும் வழி அல்ல. கொலையை விசாரிக்கிற அட்டையை நிரப்பலாம். மனிதனையே குற்றமாக எழுதுகிற அட்டை கைக்கு வரும்போது, 'இதை நான் நிரப்ப மாட்டேன், ஏனென்றால்...' என்று ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லலாம். 1929இல் அதற்கு ஒருவன் கொடுக்கும் விலை சிறியது, 1937இல் பெரியது. எனக்கோ கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒரு கூட்டத்தில் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். தாமதமாகப் பேசினேன். பட்டியல் போகவில்லை, தள்ளப்பட்ட விண்ணப்பத்தை ஒரு ஆள் மறுபடி பார்க்கிற வழியை மட்டும் சேர்த்தார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீங்கியது. 'தொழில்முறைக் குற்றவாளி' என்று முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களும் நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களே என்று ஜெர்மன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2020 பிப்ரவரியில். அதற்குள் அவர்களில் அனேகமாக எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். அட்டையில் ஏறிய பெயரை இறக்க அவ்வளவு காலம் பிடிக்கிறது.

மாமா பையன் பிறகு வேறிடத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்கி ஆட்டோ ஓட்டுகிறான். அந்தப் பட்டியலை நிரலாக எழுதியது யார் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. இந்த வாரம் ஊருக்குப் போகிறேன். பஸ்ஸில் வாசிக்க அடுத்த நாவல் இருக்கிறது. ஆனால் இறங்கினதும் முதலில் அவனிடம் சொல்லிவிட வேண்டும்.