எந்தப் பக்கம்?

எங்க அத்தை மேடவாக்கத்திலிருந்து தனியா மலேசியா போய் வந்தாங்க, கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சி மகளைப் பார்க்க. எழுதப் படிக்கத் தெரியாது. மீனம்பாக்கத்தில் அதிகாரி முன்னால் நின்றபோதுகூட நடுங்கலையாம். நடுங்கினது கிள்ளானில். வீட்டுக்குள் கால் வைத்ததும் மகள் காதோடு சொன்னாள்: "பெரியம்மா, பக்கத்து வீட்டுல ஊர்ல எந்தப் பக்கம்னு கேப்பாங்க. கடைத்தெருப் பக்கம்னு சொல்லிடு."

மேடவாக்கம் இன்று அடுக்குமாடிகளின் ஊர். ஆனாலும் "எந்தப் பக்கம்?" என்றால் திசை கேட்கிறார்கள் என்று நம்மில் யாரும் ஏமாற மாட்டோம். ஊரா, காலனியா என்பதே கேள்வி. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025இல் தமிழக முதல்வர் அறிவித்தார். சொல் போகலாம். கேள்வி எப்போதோ விமானம் ஏறிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டுக்குத் தடைச் சட்டம் போட வேண்டி வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார்.

அத்தை அந்தப் பொய்யைச் சொல்லலாமா? சாதியை மறைப்பவன் கோழை என்று மேடையில் சொல்லிவிடுகிறோம். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை.

1901இல் ஒன்பது வயது அம்பேத்கர், அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும், பெரியவர் துணையின்றி, வெளியூரில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போனார். மசூர் ரயில் நிலையத்தில் 'மகர்' என்று உண்மையைச் சொன்னார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறியது, வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். அன்றிரவு சுங்கச் சாவடியில் தண்ணீர் கேட்டபோது தன்னை முஸ்லிம் என்றார். அப்படியும் கிடைக்கலை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பிறகும், பரோடாவில் தங்க இடம் வேண்டிப் பார்சிப் பெயர் போட்டுக்கொண்டார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இரண்டு பொய்யையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பொய்யரா? தண்ணீருக்காகச் சொன்ன பொய்க்குச் சொன்னவர் பொறுப்பல்ல, கேட்டவனே பொறுப்பு. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கிள்ளானில் அத்தைக்கு யாரும் தண்ணீர் மறுக்கலை. அங்கே பொய் தேவைப்பட்டது மரியாதைக்கு. அதற்கு விலை கொடுப்பது யார்? அத்தை என்னிடம் கேட்டாங்க: "நாத்து நட்டு என்னை வளத்தவ எங்கம்மா. கடைத்தெருன்னு சொன்னா அவள இல்லேன்னு சொன்ன மாதிரி ஆவாதா?" மகளைக் குத்தம் சொல்லவும் மனசு வரலை. அத்தை பதினைந்து நாளில் திரும்பிடுவாங்க. அவள் அந்தத் தெருவிலேயே வாழணும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணணும்.

பக்கத்து வீட்டம்மா கேட்டேவிட்டார். அத்தை திருப்பிக் கேட்டாங்களாம்: "தெரிஞ்சா என்னம்மா செய்வே?"

அந்தம்மா பேச்சை மாற்றிவிட்டார். அத்தை பொய்யும் சொல்லலை, மகளைக் காட்டியும் கொடுக்கலை. பதில் சொல்லும் கடமை நமக்கில்லை தோழர்களே. எதற்குக் கேட்டேன் என்று கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.