இயேசுவின் உவமைகள் எதற்காக?

மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளில் இயேசுவின் போதனையில் உவமைகள் முக்கிய இடம் பெறுகின்றன. விதைப்பு, திராட்சைத் தோட்டம், கடன், கூலி என்று கலிலேயாவின் அன்றாட வாழ்க்கையே அவற்றின் களம். எளியவருக்கும் புரிய வேண்டும் என்பதே நோக்கம் எனப் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மாற்கு 4ஆம் அதிகாரத்தில், வெளியே இருப்பவர்கள் கேட்டும் உணராதபடிக்கு அவர்களுக்கு எல்லாம் உவமைகளாகவே சொல்லப்படுகின்றன என்று இயேசுவே சொல்கிறார். கேட்பவர் மனம் திறக்காதவரை உவமையும் திறப்பதில்லை என்றே இந்தக் கடினமான பகுதியைப் புரிந்துகொள்ள முடியும்.

லூக்கா 15இல் இது தெளிவாகத் தெரிகிறது. ஆயக்காரரோடும் பாவிகளோடும் இயேசு உணவருந்துவதைப் பரிசேயர் குறைகூறுகின்றனர். பதிலாக வருவதே கெட்டகுமாரன் கதை. வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய மகனுக்கு விருந்து நடக்கிறது. உழைத்துக் களைத்த மூத்தவன் கோபத்தோடு வாசலில் நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறான். மூத்தவன் உள்ளே போனானா என்பதைக் கதை சொல்வதில்லை. அந்த முடிவைக் குறைகூறியவர்களிடமே விட்டுவிடுகிறது. நேரடியான கண்டனம் இதைச் சாதித்திருக்காது.

உவமைகளை வாசிக்கும் முறை காலந்தோறும் மாறியிருக்கிறது. அகுஸ்தீன் போன்ற பழைய உரையாசிரியர்கள் நல்ல சமாரியன் கதையின் ஒவ்வொரு விவரத்துக்கும் மறைபொருள் கண்டனர்; கதையில் வரும் சத்திரம் அவர்களுக்குத் திருச்சபையானது. ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் யூலிஷர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை மறுத்து, உவமைக்கு மையக்கருத்து ஒன்றே என்றார். 1935இல் விவிலிய அறிஞர் சி.எச். டாட், இறையாட்சி வந்துவிட்டது என்ற அறிவிப்போடு உவமைகளை இணைத்தார். முதலில் கேட்டவர்கள் யார் என்ற கேள்வியோடு உவமைகளை வாசிப்பதே பயனுள்ள வழி.