சக்கராத்து வேளையில் தலைமாட்டில் இருப்பவர் யார்?



பிள்ளை பிறக்கும் வேளையில் தாயருகே மருத்துவச்சி இருப்பாள். அவள் முகத்தில் பயமில்லை என்று கண்டதுமே தாயின் பயம் பாதி குறையும். உலகை விட்டுப் போகும் வேளையிலும் அப்படி ஒருவர் வேண்டாமா? மேலை நாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 'டூலா' என்பது பெயர். மருந்து கொடுப்பது அவர்கள் வேலையன்று. கைபிடித்து உட்காருவதும், சொல்வதைக் கேட்பதும், வீட்டாருக்குத் தைரியம் சொல்வதுமே வேலை.

நமக்கு இது புதிதா? ஹிஜ்ரி 11-ல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வந்தார். நாயகத்தின் பார்வை அதன்மீது நின்றதை அன்னை கவனித்தார்கள். "வேண்டுமா?" என்று கேட்க, தலை அசைந்தது. அன்னை அதை மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். வாய் பேசாததைக் கண் பார்த்துப் புரிந்துகொண்டார்களே, அதுதான் பணிவிடை!

நம் வீடுகளில் நடப்பதென்ன? கட்டிலைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் அழுகிறார், ஒருவர் சொத்துப் பேச்சை எடுக்கிறார், காதருகே நால்வர் மாறி மாறி "கலிமா சொல்லுங்கள்" என்று நெருக்குகிறார்கள். கலிமாவை நினைவூட்டுவது ஸுன்னத்து. ஆனால் மெதுவாக நாமே சொல்ல வேண்டும். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசினாலன்றி மீண்டும் வற்புறுத்தக் கூடாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். கிப்லாவை நோக்கித் திருப்புவது அவருக்கு வேதனை தருமானால் இருந்தபடி விட்டுவிடலாம். விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரத்துணியால் உதட்டை நனையுங்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பற்றியே பேசுங்கள். கடன், வஸிய்யத்து பற்றிய பேச்சைச் சக்கராத்துக்கு வைக்காமல், நினைவு தெளிவாய் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

புற்றுநோயின் வலியில் துடிப்பவருக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதினால் "போதை மருந்தாயிற்றே" என்று சிலர் தயங்குகிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில், வலியைத் தணிப்பதற்காகக் கொடுப்பது கூடும் என்பதே உலமாக்கள் பலரின் தீர்ப்பு. வலி குறைந்தால்தானே நாவு திக்ரில் ஈடுபடும்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கிற்று. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களே தொண்டர்களாகி, படுத்த படுக்கையாய் இருப்போரை வீடு தேடிச் சென்று கவனித்தார்கள். கடைக்காரர், மாணவர், இல்லத்தரசி எல்லோரும் சேர்ந்தார்கள். 2008-ல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

மலைக்கோட்டையின் கீழே, நத்ஹர் வலி (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் நம் திருச்சியில் மய்யித்தைக் குளிப்பாட்டவும் கபனிடவும் தெரிந்தவர்கள் மஹல்லாதோறும் இருக்கிறார்கள். மவுத்துக்கு முன்னே உட்காரத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஜமாஅத்துக்கு நான்கு ஆண்கள், நான்கு பெண்கள் போதுமே! நோயாளி நம்மவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தமக்குப் பணிசெய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் தலைமாட்டிலும் நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்தார்கள்.

இன்று நாம் ஒருவர் கையைப் பிடித்தால், நாளை நம் கையைப் பிடிக்க அல்லாஹ் ஒருவரை அனுப்புவான் என்று ஆதரவு வைப்போம். நம் அனைவரின் முடிவையும் ஈமானுடன், இலேசாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.