காணாததை அறிதல்: ஆன்டெனாவும் கருதல் அளவையும்

ஆன்டெனாவிலிருந்து அலை கிளம்புவதை எந்தக் கண்ணும் கண்டதில்லை. ஹாம் ரேடியோ நிலையத்தில் பழுது பார்ப்பவருக்குக் கிடைப்பவை மீட்டரின் முள், ஒலிபெருக்கியின் இரைச்சல், தொலைவில் இருப்பவர் சொல்லும் சொல் ஆகிய மூன்றே. இவற்றைக் கொண்டு காணாத ஒன்றைப் பற்றி எந்த அளவுக்கு உறுதியாகப் பேசலாம்? இந்திய மெய்யியல் இதே கேள்வியை அளவை இயல் என்ற பெயரில் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என்ற இரண்டு அளவைகளை விளக்கி, ஏதுவில் நேரும் போலிகளையும் வகைப்படுத்துகிறார். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என மூன்றை ஏற்று, இறையையும் உயிரையும் பற்றிப் பேசுமுன் அளவையைப் பேசிவிடுகிறது. அந்த வரிசை சரியானது. எப்படி அறிகிறோம் என்பது தெளியாமல் எதை அறிந்தோம் என்று சொல்வதில் பயனில்லை.

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. நியாய நூலாரின் இந்தப் பழைய எடுத்துக்காட்டில் புகை ஏது, நெருப்பு துணிபொருள். ஏது இருக்கும் இடமெல்லாம் துணிபொருளும் இருந்தே தீர வேண்டும். இந்தப் பிரியாத் தொடர்புக்கு வியாப்தி என்று பெயர். கருதலின் வலிமை முழுவதும் இதைப் பொறுத்தது.

7.1 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் டைபோல் ஆன்டெனா ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கம்பி. அதை நடுவில் வெட்டி, 50 ஓம் கோஆக்சியல் கேபிளை இணைத்து, கீழே, திரும்பி வரும் ஆற்றலைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைப்பது வழக்கம். மீட்டர் 1க்கு 1 காட்டினால் அனுப்பிய ஆற்றலில் எதுவும் திரும்பவில்லை. 3க்கு 1 காட்டினால் கால் பங்கு திரும்புகிறது. "அளவு குறைவாக இருக்கிறது, ஆகவே ஆன்டெனா நன்றாக இருக்கிறது" என்பது ஹாம்களிடையே மிகப் பரவலான கருதல். இந்த ஏது பிறழும். 50 ஓம் மின்தடையான டம்மி லோடை மாட்டினாலும் மீட்டர் 1க்கு 1 தான் காட்டும். ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். அலை பெயரளவுக்குக்கூட வெளியே போகாது.

கேபிளில் நடப்பது இன்னும் நுட்பமானது. மேல்முனைக் கனெக்டரைச் சரியாக மூடாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். பின்னலிட்ட செம்புக்கம்பி கறுக்கும். கேபிள் ஆற்றலை விழுங்கத் தொடங்கும். ஒரு வழியில் பாதி ஆற்றலை விழுங்கும் கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லையென்று வைத்துக்கொள்வோம். மேலே சென்ற பாதி அப்படியே திரும்பி, வரும் வழியில் மறுபடி பாதியாகிக் கால் பங்காகக் கீழே வந்து சேரும். மீட்டர் 3க்கு 1 காட்டும். பத்தில் ஒன்பது பங்கை விழுங்கும் கேபிளில் திரும்புவது நூற்றில் ஒரு பங்கே. அறுந்த ஆன்டெனாவுக்கு மீட்டர் 1.2 என்ற அழகான எண்ணைத் தரும். பழுது முற்ற முற்ற எண் மேம்படும். கம்பியில் யாரும் கை வைக்காதபோது, மழைக்காலம் முடிந்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். தானாகக் குறைந்திருந்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

நியாய மரபு இத்தகைய இடத்தில் உபாதி என்ற கருத்தைக் கொண்டுவருகிறது. நெருப்பிலிருந்து புகையைக் கருத இயலாது. விறகு ஈரமாக இருந்தால்தான் புகை எழும். அந்த ஈரம், சொல்லப்படாமல் ஒளிந்திருக்கும் நிபந்தனை. கேபிளின் இழப்பு குறைவு என்பதும் முனையில் இருப்பது அலை வீசும் பொருள் என்பதும் மீட்டரின் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நிபந்தனைகள். இவற்றைச் சோதிக்கும் வழி உடன்பாடும் எதிர்மறையும். மேல்முனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, குறைந்த ஆற்றலில் அளக்க வேண்டும். நல்ல கேபிள் மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். அப்போதும் எண் தாழ்ந்திருந்தால் குற்றம் கேபிளில் இருக்கிறது.

ரிசீவரில் எந்தக் குரலும் கேட்காதது எதற்குச் சான்று? பாட்ட மீமாம்சையும் அத்வைதமும் காணாமையைத் தனி அளவையாக ஏற்றன. ஆனால் பொருள் இருந்தால் காணத்தக்க சூழலாக இருக்க வேண்டும் என்று விதித்தன. அயனமண்டலம் ஒத்துழைக்காத நேரத்தில் நல்ல ஆன்டெனாவிலும் குரல் வராது. ஆன்டெனாவை மாட்டும்போது பின்னணி இரைச்சல் கூடுகிறதா என்று பார்ப்பது இந்த விதியின் செயல்வடிவம்.

உரை அளவைக்கும் வரம்பு உண்டு. குரல் தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது என்று எதிர்நிலையத்தார் தரும் 59 என்ற அறிக்கை போட்டிகளில் வெறும் சடங்கு. அது நம்பத்தக்கவர் சொல்லான ஆப்தமொழி ஆகாது. இந்தக் குறையைப் பெரிதும் நீக்கியது, மிகச் சிறு ஆற்றலில் அனுப்பி உலகெங்கும் உள்ள ரிசீவர்கள் தாமே அளந்து பதிவு செய்ய வழிவகுத்த விஸ்பர் முறை. 2008இல் அதை உருவாக்கிய ஜோ டெய்லரும் ஒரு ஹாம். அவரும் ரஸ்ஸல் ஹல்ஸும் 1974இல் கண்டறிந்த இரட்டை விண்மீனில், சுற்றுப்பாதை சுருங்கும் வீதம் ஈர்ப்பலைகளைக் கருத வைத்தது. 1993இல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். ஈர்ப்பலை கருவியில் நேரடியாகப் பதிவானது 2015இல்தான். ஏது பிறழாதபோது கருதல் காட்சிக்கு முன்னே செல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆன்டெனாவைத் தாங்கும் டவரில் மட்டும் கருதலுக்கு இடம் தரக்கூடாது. மூன்று திசைகளிலும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி கீழிருந்து பார்க்க விறைப்பாகத் தெரியும். கிளாம்புக்கு அடியிலும், நங்கூரக் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்திலும் துரு அதைத் தின்றுகொண்டிருக்கலாம். கடலோரத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். போன ஆண்டு தாங்கியது இந்த ஆண்டும் தாங்கும் என்பது வியாப்தி இல்லாத ஏது. ஏறும் முன் மின்கம்பி எட்டாத் தொலைவில் இருக்கிறதா என்று பார்த்து, நங்கூரத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டி, ஒவ்வொரு கிளாம்பையும் கண்ணால் கண்டு கையால் தொட்டுச் சோதியுங்கள். சோதிக்க முடியாத டவரில் ஏறாதீர்கள்.