இருதயமும் விசுவாசமும்

விசுவாசம் புத்தியின் தீர்மானமா, இருதயத்தின் செயலா என்ற பழைய வினாவுக்கு, ஸ்லாவிய ஆதிமொழியில் இருதயத்தை 'ஸிர்தித்ஸெ' என்று குறித்ததாக மொழிநூலார் மீட்டுரைக்கும் சொல்லின் வமிசவரலாறு, தர்க்க சாஸ்திரத்தைவிடத் தெளிவான ஒளி தருகிறது என்பது என் எண்ணம். ருஷ்யரிடம் 'ஸேர்த்ஸெ', ஸெர்பியரிடம் 'ஸ்ர்த்ஸெ', பல்கேரியரிடம் 'ஸர்த்ஸெ' என்று சிறு ஒலிமாற்றங்களோடு வாழும் அச்சொல்லிலிருந்து, குறுமை காட்டும் விகுதியைக் களைந்துவிட்டால் எஞ்சுகிற பகுதி, கிரேக்கத்தின் 'கார்டியா'வுக்கும் லத்தீனின் 'கோர்' என்பதற்கும் உடன்பிறப்பாகும்.

அந்த மூலவேரோடு 'வைத்தல்' என்னும் வினை கூடியே, லத்தீன் கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணத்துக்கு முதற்சொல்லான 'கிரேதோ'வும், வேதமொழியின் 'சிரத்தா'வும் பிறந்தன என்பர்; நாம் அன்றாடம் வழங்கும் சிரத்தையும் அதுவே. நம்புவதென்பது இருதயத்தை ஓரிடத்தில் வைப்பதென்று, சமயங்கள் பிரியுமுன்னரே மனிதர் உணர்ந்திருந்தனர்!

ஆனால் இருதயம் சாந்தமே உருவானதன்று. ருஷ்ய மொழியில் கருணையைக் குறிக்கும் 'மிலஸேர்தியே'யும், சினத்தலைக் குறிக்கும் 'ஸிர்தீத்ஸா'வும் அவ்வொரே வேரின் மக்கள். இதனை அறிந்தே போலும், கீழைத் திருச்சபையின் துறவிகள் புத்தியை இருதயத்துள் இறக்கி இடைவிடாது ஜபிக்கும் சாதனையில் விழிப்பை முதல் விதியாக வைத்தனர். துறவி பாயீஸி வெலிச்கோவ்ஸ்கி ஸ்லாவிய மொழியில் பெயர்த்து, 1793-இல் மாஸ்கோவில் அச்சேறிய 'தொப்ரதலூபியே' என்னும் நூல் அச்சாதனையை ருஷ்ய மடங்களெங்கும் பரப்பியது.