சக்கரத்தை விட்ட குயவன்

கோடை பிறந்தால் தாம்பரம், பல்லாவரம் பக்கத்து வீடுகளில் தண்ணீருக்கு மண்பானை வாங்கி வைக்கிறோம். அதன் வாய் எத்தனை சரியான வட்டம் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த வட்டத்தில் பாதி குயவனுடைய கை. பாதி சக்கரத்தின் சுழற்சி. இப்படிச் சக்கரத்தில் கைதேர்ந்த ஒருவன் அதை விட்டுவிட்டு, வெறுங்கையால் உருவங்கள் செய்யப் போவது நியாயமா? கற்ற தொழிலை உதறுவது நன்றிகெட்டதனமல்லவா என்று கேட்பாருண்டு.

புதுச்சேரியில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கரான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித் அம்மையாரும் 1971-ஆம் ஆண்டில் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ்' மண்பாண்டச் சாலையைத் தொடங்கினார்கள். கோப்பை, தட்டு, கிண்ணம் என்று நாள்தோறும் புழங்குகிற பாண்டங்களே அதன் பிழைப்பு. உள்ளூரார் பலர் அங்கே தொழில் கற்றார்கள். பிற்பாடு மீக்கர், பச்சை மண்ணால் வீடு கட்டி அதையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார்; அப்புறம் பெரிய பெரிய சிற்பங்களுக்குப் போனார். அம்மையாரோ பாண்டங்களோடேயே நின்றார்.

சிற்பம் சொகுசான வேலை என்று எண்ணிவிட வேண்டாம். எரேமியாஸ் தீர்க்கதரிசி கண்ட குயவன், சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணை அங்கேயே வேறு பாண்டமாக வனைந்துவிட்டான். ஆள் உயர உருவத்தில் அந்தச் சலுகை கிடையாது. அடிப்பாகம் இறுகும்வரை மேலே மண் ஏற்றலாகாது, அவசரப்பட்டால் சரிந்துவிடும். உள்ளே கூடாக விடாமல் தடிப்பாக வைத்தால், தங்கிய ஈரம் ஆவியாகிச் சூளையில் வெடிக்கும். பல நாள் பிரயாசை ஒரே இரவில் சில்லாய்ப் போகும்.

நம் நாட்டு வேளார்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பானை வனைகிற அதே கைதான் ஐயனார் குதிரையையும் எழுப்பும். ஆனால் அலுமினியமும் எவர்சில்வரும் அடுக்களைக்கு வந்தபின், அவர்களில் அநேகர் சக்கரத்தை விட்டது ஆசையினால் அல்ல, வயிற்றுக்காக. அவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பானை வாங்காமல் போனது நாம்தானே.

விரும்பி விடுகிறவன் கதை வேறு. அவனைக் கேட்கத்தான் வேண்டும். அவனுக்குக் கிடைக்கப்போகும் பேரைப் பற்றியல்ல. நம் வீட்டுப் பிள்ளை நிலையான உத்தியோகத்தை விடுகிறேன் என்று வந்து நின்றால், சம்பளக் கணக்கோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அவன் செய்துவந்த வேலையை நாளை யார் செய்வார், அவனை நம்பியிருந்தவர் கதி என்ன என்று கேட்க மறந்துபோகிறோம். புதுச்சேரியில் இதற்குப் பதில் இருந்தது: அவர் சிற்பத்துக்குப் போனார், அம்மையார் இருந்தார், கோப்பைகளும் சூளையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன.